கோத்தகிரியைத் தேடினால் பாதிதான் வருகிறது: கேள்வி பதில்

கோடு எழுதும்போது சிக்கியவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும். கேட்டவரை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். பிழைச் செய்தியை முழுதாக அனுப்புங்கள். ‘ஒர்க் ஆகலை அக்கா’ என்று மட்டும் வந்தவற்றை ஒதுக்கிவிட்டேன்.

குன்னூர்: அக்கா, தெரியாம ‘கிட் ரீசெட் ஹார்ட்’ குடுத்துட்டேன். வேலை எல்லாம் போச்சா?

கமிட் செய்திருந்தால், அதாவது கோடின் பதிப்புகளைக் காக்கும் கிட்டில் பதிந்திருந்தால், போகவில்லை. ‘கிட் ரீஃப்லாக்’ அடியுங்கள், ஹெட் (நீங்கள் இப்போது நிற்கும் கமிட்டைக் காட்டும் குறி) இதுவரை நின்ற இடமெல்லாம் வரிசையாக வரும். வேண்டிய ஹேஷை, அதாவது கமிட்டின் அடையாள எண்ணை எடுத்து ‘கிட் பிராஞ்ச் மீட்பு’ என்று அடித்து, பக்கத்தில் அதை ஒட்டினால் தீர்ந்தது. ஆனால் கிளை எதிலும் சேராத கமிட்டின் பதிவு வழக்கமாக 30 நாள்தான் நிற்கும். கமிட்டே செய்யவில்லை, அதற்கு முந்தைய படியான ‘ஆட்’ மட்டும் என்றால் ‘கிட் எஃப்எஸ்சிகே’யில் லாஸ்ட்-ஃபவுண்ட் போட்டுப் பாருங்கள், உள்ளடக்கம் கிடைக்கலாம், கோப்புப் பெயர் இருக்காது. ஆட் கூடப் பண்ணாததை கிட்டிடம் கேட்டுப் பயனில்லை. மழைக்காலத்தில் மரம் எப்போது லைன்மேல் விழும் என்று யாருக்கும் தெரியாது. கமிட் பண்ணுங்கள், உடனே புஷ் பண்ணி சர்வருக்கு அனுப்பிவிடுங்கள்.

கோத்தகிரி: சிறு தேயிலை விவசாயிகளுக்கு இலை எடை, பட்டுவாடா பார்க்கும் ஆப். பைத்தானில் ஊர் பெயரை வைத்துத் தேடினால் குன்னூர், கூடலூர் எல்லாம் சரியாக வருது. கோத்தகிரி, கொடநாடு மட்டும் பாதிப் பேர்தான் வர்றாங்க. எழுத்துப்பிழை இல்லை, பார்த்துட்டேன்.

இந்த ஒரு கேள்விக்காகவே இன்று உட்கார்ந்தது வீண்போகவில்லை. எந்த ஊர் வருகிறது, எது வரவில்லை என்று பிரித்துச் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது.

‘கோ’வை யூனிகோடில் (எழுத்துக் குறிகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் முறை) இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறி என்ற ஒரே குறி. அல்லது ககரம், இரட்டைக்கொம்பு, கால் என்று தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடும் பைத்தானின் ‘==’ அதைப் பார்க்காது. முதல் வகையில் ‘கோத்தகிரி’யின் லென், அதாவது பைத்தான் எண்ணும் நீளம், 9, இரண்டாவதில் 10. எந்த கீபோர்டில் அடித்தார்கள், எந்தப் பழைய கோப்பிலிருந்து மாற்றினார்கள் என்பதைப் பொறுத்து இப்படிக் கலந்து வரும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளிலும் ‘ஔ’ எழுத்திலும்தான் இந்தத் தொல்லை. குன்னூரில் அவை இல்லை, தப்பித்தது.

இரண்டு விதத்தையும் ஒரே வடிவமாக்கும் மருந்து ஒரே வரி: பெயர் = யூனிகோட்டேட்டா.நார்மலைஸ்(‘என்எஃப்சி’, பெயர்). சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கமும் போடுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால், 13 முதல் நார்மலைஸ் அதிலேயே உண்டு. பழைய பதிவுகளை ஒரே அப்டேட்டில் சரி செய்துவிடலாம். முதலில் பேக்கப். ‘கௌரி’ மட்டும் இதிலும் தப்பும்: நிறையப் பேர் ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் நிஜமான ளகரத்தையே அடித்துவிடுகிறார்கள். அது எழுத்துப்பிழை, என்எஃப்சி தொடாது. கையால்தான் திருத்தணும்.

ஊட்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: கோத்தகிரி ஐந்து எழுத்தம்மா. ஒன்பது, பத்து என்கிறீர்களே?

உங்கள் கணக்குத்தான் சரி ஐயா. லென் எண்ணுவது குறிகளை: க, ஓகாரக் குறி, த, புள்ளி, த, க, இகரக் குறி, ர, இகரக் குறி. ஐந்து வேண்டுமென்றால் ‘ரீஜெக்ஸ்’ என்ற தனி லைப்ரரியை நிறுவி, பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் போட்டுப் பிரிக்க வேண்டும். பைத்தானோடு வரும் ‘ஆர்ஈ’யில் அது கிடையாது.

அதே ஐயா: அப்படியானால் ‘க்ஷ’ எத்தனை?

அந்த வழியில் இரண்டு. க், ஷ.

அரவங்காடு: அது ஒரே எழுத்துதான் அக்கா. ஃபான்ட்லயே ஒண்ணாத்தானே வருது.

ஊட்டி ஐயா: புள்ளி வைத்தால் அங்கே ஓர் எழுத்து முடிந்தது. இரண்டே.

குன்னூர்: என் பேர்ல க்ஷ இருக்கு. ஒண்ணுதான்.

எதற்காக எண்ணுகிறோம் என்று யாராவது சொன்னால் தீர்ப்பு சொல்கிறேன். குறுக்கெழுத்துக் கட்டமா? ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், நீங்களே விதி எழுதணும். டேட்டாபேஸ் நீளமா? மூன்று குறி, யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 9 பைட். ஆரக்கிள் டேட்டாபேஸில் பெயருக்கான இடம் வார்கேர்2(20) என்றால் சும்மா விட்டால் 20 பைட்; 27 பைட் ‘கோத்தகிரி’ உள்ளேயே போகாது. 20-க்குப் பின்னால் ‘கேர்’ என்று எழுதுங்கள்.

கூடலூர்: எஸ்எம்எஸ்ஸை தமிழுக்கு மாத்தினதும் பில் எகிறிடுச்சு. கம்பெனி ஏமாத்துதா?

இல்லை. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 குறி, நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் மொத்தத்துக்கும் 70. அதைத் தாண்டினால் துண்டுக்கு 67. இங்கேயும் எண்ணுவது குறியை, ஐயாவின் எழுத்தை அல்ல. ‘அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே’யை எடுங்கள், எடை, விலை, தொகை போதும். வார்ப்புருவை மாற்றினால் டிஎல்டியில் (கம்பெனிகளின் எஸ்எம்எஸ் வார்ப்புருக்களைப் பதியும் தளம்) மறுபடி பதிய வேண்டும். தொகையை ஃப்ளோட்டில், அதாவது தசமப் புள்ளி எண்ணாக வைக்காதீர்கள், பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் ஃப்ளோட்டில் கூட்டிப் பாருங்கள், சரியாக 0.3 வராது.

கொடைக்கானல்: பைத்தானா ஜாவாவா?

மறுபடியுமா. ஏதாவது ஒன்று. இன்றைக்கே.

குன்னூர்: க்ஷ ஒண்ணுதான்னு தீர்ப்பு எழுதிட்டீங்களா அக்கா?

இல்லை.

ஊட்டி: லேப்டாப் ஸ்க்ரீனுக்குள்ள பூஞ்சை.

சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். நான் கோடு எழுதுகிறவள்.

கோத்தகிரி: காத்துல நெட் போயிடுது, மேனேஜர் நம்ப மாட்டேங்கறார்.

போன பிறகு சொன்னால் சாக்கு மாதிரித்தான் கேட்கும். காற்று கிளம்பும்போதே எழுதுங்கள்: ‘இங்கே லைன் போகலாம். இதுவரை புஷ் செய்தது இது, மீதி இது, அவசரமென்றால் போன் பண்ணுங்கள்.’ சர்வர் வேலையை அங்கேயே டீமக்ஸ் என்ற டெர்மினல் கருவிக்குள் ஓட்டுங்கள், இணைப்பு அறுந்தாலும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். புஷ் பண்ணிவிட்டீர்கள்தானே?

கொடைக்கானல்: ஜாவான்னா எந்த வெர்ஷன் அக்கா?

21. அடுத்த வாரம் பார்ப்போம்.