நகரசபையின் பின்வரிசை இருக்கை

சென்ற மாதம் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு தாயும் தகப்பனும் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் தங்கள் மகளுடன் ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார்கள். மகள் வானொலி படிக்கப்போவதாகச் சொல்கிறாள். அதற்கு வீட்டில் ஒரு சமரசத் திட்டம் ஏற்கெனவே தயாராகியிருந்தது. தயாரித்தவர் இலண்டனில் இருக்கும் பெரியப்பா. வாய்த்திறமை உள்ள பிள்ளை அரசியலுக்கு வரட்டும், அதற்கு முதலில் சட்டம் படிக்கட்டும், வானொலியை வார இறுதிப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளட்டும் என்பது அவருடைய தீர்ப்பு. "சேர், நீங்கள் சொன்னால் பிள்ளை கேட்பாள். பெரியப்பா சொல்வது சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ" என்றார் தாய்.

அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. பிள்ளை கைக்காசுக்கு அல்லாடக் கூடாது என்ற பெற்றோரின் பயம் நியாயமானது என்பதை ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்தாகப் பெரியப்பா நீட்டியது மிகவும் விலையுயர்ந்த மருந்து. ஒன்ராறியோவில் சட்டக் கல்லூரிக்குள் நுழைவதற்கு முன்பே இளமாணிப் படிப்புக்காகப் பெரும்பாலானோர் நான்கு ஆண்டுகளைச் செலவிடுகிறார்கள். அதற்கு மேல் சட்டத்துக்கு மூன்று ஆண்டுகள், பின்னர் உரிமப் பரீட்சையும் பயிற்சிக் காலமும். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க ஓராண்டுக் கட்டணமே 30,000 டொலருக்கு மேல். வழக்கறிஞராக விரும்பும் பிள்ளைக்கு அது முதலீடு. வழக்கறிஞராக விரும்பாத பிள்ளைக்கு, "நாளைக்கு அரசியலுக்கு உதவும்" என்ற ஊகத்தின் பேரில் வீட்டை ஈடுவைத்து வாங்கிக் கொடுப்பது முதலீடு அல்ல, உறவினர் முன்னிலையில் தலைநிமிர்ந்து நிற்பதற்குக் கட்டும் வரி. தகப்பனிடம் இதை இதே சொற்களில்தான் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்தது.

அரசியலுக்குச் சட்டப்படிப்புத்தான் வாசல் என்ற நம்பிக்கை கனடாவில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அல்பேர்ட்டா மாகாண அரசியல்வாதி ரால்ஃப் கிளைனின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளலாம். 1942இல் கல்கரியில் பிறந்த அவர் உயர்நிலைப் பள்ளியை இடையில் விட்டவர். பிறகு ஒரு வணிகக் கல்லூரியில் படித்து, அதற்கே அதிபராகி, தொண்டு நிறுவனங்களின் மக்கள் தொடர்புப் பணியைப் பார்த்து, 1969இல் கல்கரியின் சி.எஃப்.சி.என். நிலையத்தில் செய்தியாளராகச் சேர்ந்தார். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அவர் பத்தாண்டுக்கு மேல் செய்தி சேகரித்ததில் பெரும்பகுதி நகரசபையைச் சுற்றியே நடந்தது. வீதி, வடிகால், வரி, காணி வலயம் என்று வேறு எவரும் விரும்பி எடுக்காத செய்திகள் அவை. அருகிலுள்ள சிக்சிக்கா பழங்குடி மக்களைப் பற்றி ஆவணப்படம் செய்யப் போனவர் அவர்களுடைய மொழியையும் கொஞ்சம் கற்றுக்கொண்டார். செயின்ட் லூயிஸ் விடுதியின் மதுக்கூடத்தில் தொழிலாளர்களோடு உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதும் அவருடைய வழக்கம். (இந்தப் பகுதியைப் பின்பற்றுமாறு நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்லவில்லை, தாயின் பார்வையைக் கண்டு உடனே விளக்கமளிக்க வேண்டியிருந்தது.) 1980இல் பதவியில் இருந்த மேயரையே தோற்கடித்து அவர் கல்கரியின் மேயரானார். 1988இன் குளிர்கால ஒலிம்பிக் அவருடைய காலத்தில் நடந்தது. 1989இல் மாகாண சட்டமன்றத்துக்குத் தெரிவாகிச் சுற்றாடல் அமைச்சரானார். 1992 டிசம்பரிலிருந்து 2006 டிசம்பர் வரை பதினான்கு ஆண்டுகள் அல்பேர்ட்டா மாகாணத்தின் முதல்வராக இருந்தார்.

அவருடைய அரசியலை நான் மெச்சுகிறேன் என்று இதற்குப் பொருளல்ல. மாகாணக் கடனை அடைப்பதற்காக மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் அவர் செய்த வெட்டுகளை மறக்காதவர்கள் கல்கரியில் இன்றும் இருக்கிறார்கள். செய்தி அறையில் கூர்மையடைந்த நாக்கு அவரைப் பலமுறை வழுக்கி விழவும் வைத்திருக்கிறது. மேயராக இருந்த 1982இல் கிழக்கு மாகாணங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்களை அவர் இழிவாகப் பேசியது நாடெங்கும் எதிரொலித்தது. நான் காட்ட விரும்புவது வேறு. சட்டமோ அரசறிவியலோ படிக்காத ஒருவர், ஒரு நகரத்தின் உள்விவகாரத்தைப் பத்தாண்டு காலம் மற்றவர்களுக்கு விளங்கும்படி எடுத்துச் சொன்னதால், அந்த நகரத்தைப் பற்றிப் பெரும்பாலான சபை உறுப்பினர்களை விடக் கூடுதலாக அறிந்திருந்தார். கியூபெக்கின் ரெனே லெவெக்கும் அப்படித்தான்: பதின்ம வயதில் நியூ கார்லைல் என்ற சிற்றூரின் வானொலியில் தொடங்கியவர், சட்டப்படிப்பை முடிக்காமலேயே விட்டவர், தொலைக்காட்சியில் கரும்பலகையும் நிலப்படமுமாக உலக நடப்பை விளக்கியவர், 1976இல் மாகாண முதல்வரானவர். நம்மவர்களில் லோகன் கணபதி 2006இல் மார்க்கம் நகரசபைக்குப் போய், அங்கிருந்து 2018இல் ஒன்ராறியோ சட்டமன்றத்துக்குப் போனார். அவர் ஒலிபரப்பாளர் அல்லர். ஆனாலும் உள்ளூராட்சி வழியாக மாகாணத்துக்குப் போக முடியும் என்பதற்குத் தூரத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஆகவே மருத்துவம், பொறியியல், கணினி ஆகியவற்றைப் பற்றி அந்தப் பெற்றோருடன் நான் ஒரு நிமிடமும் செலவிடவில்லை. அவற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிடக் கல்யாண வீடுகளில் அதிகம் பேசப்படுகிறது. எவரும் கவனிக்காத ஒன்றைத்தான் அவர்கள் முன் வைத்தேன்: இரண்டாண்டு ஒலிபரப்புப் பட்டயமும், அதனோடு சேர்ந்து நடக்கும் உள்ளூராட்சிச் செய்திப் பயிற்சியும்.

ஹம்பர் போன்ற கல்லூரிகள் மாணவர்களைக் கொண்டே தமது சொந்தப் பண்பலை நிலையத்தை நடத்துகின்றன. அங்கே படிக்கும்போதே பிள்ளை நேரடிச் செய்தி வாசிக்கிறது. நாற்பது வினாடிக்குள் ஒரு செய்தியை முடிக்கவேண்டும். அதற்குள் பத்துப் பன்னிரண்டு வினாடிக்குச் சம்பந்தப்பட்டவரின் குரல் வரவேண்டும். மிகுதியில் யார், எங்கே, எவ்வளவு பணம், இனி என்ன என்பதெல்லாம் அடங்கவேண்டும். இரண்டு மணி நேரக் கூட்டத்தை நாற்பது வினாடியாகச் சுருக்கும் ஒருவர், எது முக்கியம் என்று ஒரு நாளைக்கு நான்கு முறை முடிவெடுக்கிறார். கட்டணமோ, உள்நாட்டு மாணவருக்கு இரண்டு ஆண்டுகளையும் கூட்டினாலும், முன்பு சொன்ன சட்டக் கல்லூரியின் ஓராண்டுக் கட்டணத்தில் பாதியை எட்டாது. ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும்: 2024இலிருந்து ஒன்ராறியோக் கல்லூரிகள் பல பாடநெறிகளை நிறுத்திவருவதால், விரும்பும் பாடநெறி இந்த ஆண்டும் மாணவரைச் சேர்க்கிறதா என்று நேரடியாகக் கேட்டு உறுதிசெய்த பின்னரே விண்ணப்பிக்கவேண்டும்.

பட்டயத்துக்குக் காத்திருக்காமலும் தொடங்கலாம். ரொறன்ரோவில் 89.5 பண்பலையில் ஒலிக்கும் சி.ஐ.யு.ரி. போன்ற வளாக வானொலிகள், தமது ஒலிபரப்பில் குறைந்தது 15 விழுக்காட்டை உள்ளூரில் தயாரித்த பேச்சு நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்கவேண்டும் என்பது கனடாவின் ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. அதனால் பேசவும் பதிவுசெய்யவும் பழகிய தொண்டர்கள் அவற்றுக்கு எப்போதும் தேவைப்படுகிறார்கள். செய்திக்கோ, அப்பகுதியின் நகரசபை உறுப்பினர்கள் உள்ளூர் விவகாரங்களைப் பார்ப்பதற்காக ஸ்காபரோ நகர மண்டபத்தில் கூடும் சமூக மன்றத்தை விட நல்ல பயிற்சிக்களம் இல்லை. எந்தச் சந்தியில் நிறுத்தற் பலகை நடுவது, யாருடைய வேலி உயரம் கூடியது, எந்த முற்றத்து மரத்தை வெட்ட அனுமதிப்பது, எங்கே கோபுரக் குடியிருப்பு எழுப்புவது என்று வழக்குகள் வரிசையாக வரும். நிகழ்ச்சி நிரல் இணையத்தில் முன்கூட்டியே வெளியாகும். பொதுமக்கள் எவரும் பின்வரிசையில் போய் உட்காரலாம். பதிவுசெய்துகொண்டால் பேசவும் செய்யலாம். நாலு கூட்டம் உட்கார்ந்து கேட்ட பிள்ளைக்கு, எந்த அதிகாரம் நகரத்திடம் இருக்கிறது, எது மாகாணத்தின் கையில் இருக்கிறது என்பது எந்தப் பாடப்புத்தகத்தையும் விடத் தெளிவாகப் புரிந்துவிடும்.

இந்தத் தொழில் செழித்துக் கிடக்கிறது என்று நான் சொல்லவில்லை. 2024 பெப்ரவரியில் பெல் என்ற தொலைத்தொடர்பு, ஊடக நிறுவனம் 4,800 வேலைகளைக் குறைப்பதாகவும் 45 வானொலி நிலையங்களை விற்பதாகவும் அறிவித்தது. தொடக்கச் சம்பளம் குறைவு. முதல் வேலை பெரும்பாலும் சிறு நகரத்தில் கிடைக்கும். அதிகாலை நான்கு மணிக்கு எழும்பவேண்டியிருக்கும். ஆனால் ஏழு ஆண்டுக் கடனோடு இந்த நிலைமையைச் சந்திப்பதும் கடனில்லாமல் இருபது வயதில் சந்திப்பதும் ஒன்றல்ல. வானொலி சரிவராவிட்டால், கேட்கவும் சுருக்கவும் எழுதவும் தெரிந்தவரை நகராட்சிகளும் மருத்துவமனைகளும் தமது தொடர்பாடல் பிரிவுகளில் சேர்த்துக்கொள்கின்றன. வழக்கறிஞர் ஆசை பிறகு உண்மையாகவே வந்தால் அப்போது இளமாணிக்குப் போகலாம்.

பெரியப்பாவின் திட்டத்தில் எனக்கு மிகவும் உடன்பாடில்லாதது வேறொன்று. அந்தப் பிள்ளை அரசியலுக்குப் போக ஆசைப்படுவதாக ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அரசியல் என்பது வானொலியை மன்னிப்பதற்காக உறவினர்கள் கண்டுபிடித்த காரணம். கிளைன் மேயராவதற்காக நகரசபைச் செய்தியை எடுத்தவரல்லர். எடுத்த வேலையில் மூழ்கியதால் அந்தக் கதவு திறந்தது. தேர்தலில் நின்றால் ஒலிவாங்கியை விட்டு இறங்கவும் வேண்டும், ஏனெனில் வேட்பாளர் அனைவருக்கும் நியாயமாக நேரம் கொடுக்க ஒலிபரப்பு நிலையங்கள் கடமைப்பட்டவை. இருபது வருடம் கழித்து அவள் எடுக்கவேண்டிய அந்த முடிவை இன்று பெற்றோர் எடுத்துவைக்கத் தேவையில்லை.

பேச்சின் நடுவில் பிள்ளை தன் தொலைபேசியில் இருந்த ஒரு பதிவைப் போட்டுக் காட்டினாள். 2023 ஜூலையில் ஸ்காபரோ ஆர்.ரி. ரயில் தடம்புரண்டு, அந்தப் பாதை அத்துடன் நிரந்தரமாக மூடப்பட்ட பிறகு, கென்னடி நிலையத்தில் மாற்றுப் பேருந்துக்குக் காத்து நின்ற ஒரு வயதான பெண்ணிடம் அவள் எடுத்த பேட்டி அது. "முன்பு எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து வெளிக்கிடுவீர்கள்?" என்பது மட்டும்தான் கேள்வி. பிறகு அவள் பேசவேயில்லை. பதில் முடிந்த பின்னும் மூன்று நான்கு வினாடி மௌனமாக இருந்தாள். அந்த மௌனத்தில் அந்த அம்மா, தான் கேட்கப்படாத இன்னொன்றையும் சொல்லத் தொடங்கினார். வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆன செய்தியாளர்களும் அந்த மூன்று வினாடியைப் பொறுக்கமாட்டாமல் இடையில் விழுந்துவிடுவார்கள். தகப்பன் அந்தப் பதிவை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார்.

கல்லூரி விண்ணப்பங்களைச் சமமாகப் பரிசீலிக்கும் கடைசித் திகதி பெப்ரவரி 1. அடுத்த சமூக மன்றக் கூட்டத்துக்குத் தானே காரில் கொண்டுபோய் விடுவதாகத் தகப்பன் ஒப்புக்கொண்டார். பெரியப்பாவுக்கு யார் தொலைபேசி எடுத்துச் சொல்வது என்பதில் மட்டும், அவர்கள் என் அறையை விட்டுப் போகும்வரை இணக்கம் ஏற்படவில்லை.