முடியை விடுங்கள், மகளின் காலைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு 26 வயது, சென்னையில் வேலை. மூன்று வருடமாகப் பால், தயிர், நெய் எதையும் தொடுவதில்லை. மாடு வளர்ப்பதால்தான் பூமி சூடாகிறது என்கிறாள். நாங்கள் வழிவழியாகச் சைவம்தான், ஆனால் இது வேறு மாதிரி இருக்கிறது. முடி கொட்டுகிறது, எடை குறைந்துவிட்டது, நாக்கு எரிகிறதாம், விரல் முட்டிகள் கறுத்துவிட்டன. பாதம் மதமதவென்று இருக்கிறது என்கிறாள், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்து வந்தாள். ரத்தம் 11.8 இருக்கிறது, பயமில்லை என்று மருந்துக்கடையில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். சோயா சாப்பிட்டால் கர்ப்பப்பை கெடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவளுக்குத் தெரியாமல் சாம்பாரில் நெய் விட்டுக் கொடுக்கிறேன். இவளுக்குக் குழந்தை பிறக்குமா டாக்டர்? எனக்கும் பத்து வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன்.
— ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி

பதில்: அம்மா, இந்தச் சாப்பாட்டால் குழந்தைப் பேறு கெட்டுப்போகாது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தச் செருப்பைப் பேச வேண்டும். உங்கள் கடிதத்திலேயே பெரிய செய்தி அதுதான். நீங்களோ முடிக்கும் எடைக்கும் பின்னால் வைத்துவிட்டீர்கள்.

காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்பது பாதத்திலிருந்து தண்டுவடம் வழியாக மூளைக்குப் போய்ச் சேர வேண்டிய தகவல். அந்தப் பாதையிலுள்ள நரம்பு இழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. அது பழுதாகாமல் இருக்க வைட்டமின் பி12 வேண்டும். பி12 தீர்ந்துபோனால் முதலில் பாதம் மதமதக்கும். பிறகு காலை எங்கே வைக்கிறோம் என்பதே பிடிபடாது. இருட்டில் தடுமாறும், தலைக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு ஆடும். இதையும் கடந்துவிட்டால் கால் விறைக்கும், நடை மாறும், ஞாபகம் குறையும். எரிகிற நாக்கும் கறுத்த விரல் முட்டிகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. முட்டி கறுப்பதைச் சென்னை வெயில் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். பி12 குறைந்தால் விரல் முட்டிகளில் தோல் கறுக்கும் என்பதை 1960-களிலேயே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். குறையைச் சரிசெய்தால் அந்தக் கறுப்பு மெல்ல மறையும்.

கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்ய மாட்டேன். மதமதப்புக்குச் சர்க்கரை, தைராய்டு, முதுகெலும்புக் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மூன்று வருடமாகப் பாலும் இல்லை, பி12 மாத்திரையும் இல்லை என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். நமக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 2 மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். உடம்பு, முக்கியமாகக் கல்லீரல், 2 முதல் 5 மில்லிகிராம் வரை சேமித்து வைத்திருக்கும். அதனால்தான் பாலை விட்டவுடன் ஒன்றும் தெரிவதில்லை. முதல் வருடம் உடம்பு லேசாகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள், இரண்டு மூன்று வருடம் கழித்துக் கால் மதமதக்கிறது என்று வருகிறார்கள். பால், தயிர் சாப்பிடுகிற நம் வீடுகளில் அந்தச் சேமிப்பே பெரும்பாலும் மெலிந்துதான் இருக்கிறது.

இப்போது அந்தச் சத்து மாத்திரை. கடையில் என்ன கொடுத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வழக்கமாகக் கொடுப்பது இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது. அதை இன்றைக்கே நிறுத்துங்கள். பி12 குறைவால் வருகிற ரத்தசோகையை ஃபோலிக் அமிலம் சரிசெய்து காட்டிவிடும், நரம்புச் சேதத்தை மட்டும் நிறுத்தாது. ரத்தம் ஏறிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கையில் தண்டுவடம் கெட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் மகள் தினமும் கீரையும் பயறும் சாப்பிடுகிறவளாக இருப்பாள். அவற்றிலேயே ஃபோலேட் தாராளமாக இருப்பதால் அவளுக்கு ரத்தசோகை தலைகாட்டாமலே நரம்பு பாதிக்கப்படலாம். 11.8 என்ற எண்ணைப் பார்த்துப் பயமில்லை என்று சொல்ல மருந்துக்கடைக்காரருக்கு எந்த உரிமையும் இல்லை. மதமதப்புக்கென்று நீங்களாகவே ‘நரம்பு மாத்திரை’ வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். அவற்றில் சிலவற்றில் பி6 அதிக அளவில் இருக்கும். பல மாதங்கள் அளவு மீறிச் சாப்பிட்டால் அதுவே பாதத்தை மரக்கச் செய்யும்.

இந்த வாரத்துக்குள் அவளைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ உங்களுக்குப் பழக்கமான பொது மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். பால் நிறுத்தி மூன்று வருடம், பாதம் மதமதக்கிறது, செருப்பு கழன்றது தெரியவில்லை: இந்த மூன்றை முதலில் சொல்லுங்கள். முடியைப் பற்றிக் கடைசியில் பேசிக்கொள்ளலாம். முழு ரத்த அணுப் பரிசோதனையும் பி12 அளவும் பார்ப்பார்கள். பி12 ஊசி போடுவதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும், போட்ட பிறகு பார்த்தால் எண் பொய் சொல்லும். பி12 மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு. அதற்குச் சற்று மேலே இருந்தாலும் இவ்வளவு அறிகுறிகள் உள்ளவளை ‘நார்மல்’ என்று அனுப்பிவிடக் கூடாது. பி12 குறைந்தால் ரத்தத்தில் கூடுகிற ஹோமோசிஸ்டீன் என்ற பொருளின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நரம்பு பாதித்திருந்தால் மாத்திரையில் தொடங்குவதில்லை. முதல் சில வாரங்களுக்கு ஊசி, அதன் பிறகே மாத்திரை. சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் நன்றாகவே மீள்கிறார்கள். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் மதமதப்பில் ஒரு பங்கு அப்படியே தங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன். கால் சரியாகும்வரை தாமிரபரணியில் அவளைத் தனியாகக் குளிக்க விடாதீர்கள். கண்ணை மூடி முங்கி எழும்போது பாசிப்படியில் நிலை தவறும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோயாவால் கர்ப்பப்பை கெடாது, அந்தச் செய்தியை அழித்துவிடுங்கள். பால் இல்லாவிட்டால் எலும்பு நொறுங்கிவிடும் என்பதும் மிகை. கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை எல்லாவற்றிலும் கால்சியம் இருக்கிறது, தினமும் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். புரதத்துக்கு நம் ஊர் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலுமே நல்ல தொடக்கம், கூடக் கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ இருக்கட்டும். சொதியை மட்டும் நம்ப வேண்டாம், தேங்காய்ப்பாலில் புரதம் சொற்பம். சாப்பிட்ட கையோடு காபி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்.

பழைய சோற்றில் பி12 இருக்கிறது, இட்லி மாவில் ஊறுகிறது, ஸ்பைருலினா என்ற பாசித்தூள் போதும் என்றெல்லாம் அவளும் படித்திருப்பாள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பி12-ஐச் செடியும் உண்டாக்காது, மாடும் உண்டாக்காது. பாக்டீரியா போன்ற சில நுண்ணுயிர்களால் மட்டுமே முடியும். பழைய சோற்றில் வளர்கிற நுண்ணுயிர்கள் நம் தேவைக்குப் போதுமான பி12-ஐத் தரும் என்று நம்ப ஆதாரம் இல்லை. ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி, பி12 போலத் தோற்றமளித்து நம் உடம்புக்குப் பயன்படாத வேறொரு பொருள். பழைய சோறு வயிற்றுக்கு நல்லது, தாராளமாகச் சாப்பிடட்டும். நரம்புக்கு மாத்திரை வேண்டும்.

நெய் விஷயம். தயவுசெய்து நிறுத்துங்கள். நெய்யில் பி12 கிட்டத்தட்டக் கிடையாது, அதனால் வைத்தியம் என்ற வகையிலும் அது வீண். ஒருநாள் அவளுக்குத் தெரிந்துவிட்டால் உங்கள் கையால் எதையும் சாப்பிட மாட்டாள், நீங்கள் கூப்பிட்டால் ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டாள். இப்போது அவள் உங்களை நம்பி வர வேண்டிய நேரம்.

அவளோடு பூமியைப் பற்றிச் சண்டையும் போடாதீர்கள், அந்த விஷயத்தில் அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அசை போடுகிற விலங்குகளின் இரைப்பையிலிருந்து மீத்தேன் வெளியேறுகிறது. மனிதர்களால் உண்டாகும் பசுமைக்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பிலிருந்து வருவதாக ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2013-இல் கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு மாட்டிறைச்சிக்கும் பாலுக்கும்தான். பயறும் பருப்பும் அந்தக் கணக்கில் மிகக் கீழே இருக்கின்றன, காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்கும் கொடுக்கின்றன. நெல் அறுத்த வயலில் உளுந்து விதைக்கிற நம் விவசாயிகளுக்கு இது புதிதல்ல. அம்பாசமுத்திரம் வயல்களில் நிற்கிற தண்ணீரிலிருந்தும் மீத்தேன் வருகிறது என்பதையும் அவள் தெரிந்துகொள்ளட்டும், அதற்காகச் சோற்றை விடச் சொல்ல மாட்டேன். அவளுடைய காரணம் நியாயமானது. அந்த நியாயம் அவளுடைய தண்டுவடத்துக்கு மையலின் தராது என்பது மட்டுமே எனக்குள்ள கவலை. பாலையும் தொடாத உங்கள் மகளைப் போன்றவர்களுக்கான ‘வீகன்’ என்ற பெயரோடு இங்கிலாந்தில் சங்கம் தொடங்கியது 1944-இல், பி12-ஐப் பிரித்தெடுத்தது 1948-இல். இன்று அந்தச் சங்கமே தன் உறுப்பினர்களுக்கு பி12 எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. இதை அவளிடம் காட்டுங்கள். மாத்திரையில் இருக்கிற பி12 பாக்டீரியாக்களை வளர்த்து எடுப்பது, எந்த மாட்டிலிருந்தும் வருவதில்லை. கேப்ஸ்யூல் உறை விலங்கு ஜெலட்டினாக இருக்கலாம், அதனால் மாத்திரையாகவே எழுதித் தரச் சொல்லுங்கள். பாலைத் தொடாதவரை அது ஆயுசுக்கும் வேண்டும்.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணமும் நடக்கும், குழந்தையும் பிறக்கும். ஆனால் பி12 குறைவோடு கர்ப்பமாகக் கூடாது. தாய்க்குக் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். ஆறு மாதம்வரை சிரித்து விளையாடிய பிள்ளை முகம் வெளுத்து, சிரிப்பை மறந்து, நின்ற தலை மறுபடி சாய்ந்து, கைகால் நடுங்கிக் கிடக்கும். இதையும் வேலூர் மருத்துவர்கள் 1962-இல் லான்செட் மருத்துவ இதழில் விவரித்தார்கள். தாய்க்குப் பி12 கிடைத்தால் வரவே வராத நோய் அது. எனவே முதலில் ஊசி, அளவு சரியான பிறகு முகூர்த்தம் பாருங்கள். கர்ப்பத்துக்கு முன் ஃபோலிக் அமிலமும் கட்டாயம் வேண்டும், ஆனால் பி12-ஐச் சரிசெய்துவிட்டு அதைத் தொடங்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை மறைக்கவும் அவசியமில்லை, இது பரம்பரை நோய் கிடையாது.

இடையில் கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, பார்வை மங்கினாலோ, பேச்சு குழறினாலோ குறித்த நாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய மெட்ஃபார்மினையும் நான் விடுவதாக இல்லை. பல வருடம் சாப்பிட்டால் அது பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். அதை நிறுத்த வேண்டாம், ஆனால் மகளுக்கு ரத்தம் எடுக்கிற அன்றைக்கே உங்களுக்கும் எடுக்கச் சொல்லுங்கள்.