வில்லோ எதற்கு, வேலிக் கதியால் இருக்க?

கேள்வி: தம்பலகாமத்தில் எனக்கு அரை ஏக்கர் வளவு. இயற்கையை ஒட்டிய பேர்மாகல்ச்சர் முறையில் தோட்டம் செய்கிறேன். கிணற்றுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் மாரியில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். கனடாவில் மகள் வீட்டருகே கிளை தொங்கும் ‘வீப்பிங் வில்லோ’ மரம் பார்த்தேன். தண்ணீரை உறிஞ்சுமாம், ஆட்டுக்குக் குழையும் கூடைக்குக் கம்பும் தருமாம். மகள் வரும்போது நாலு கம்பு கொண்டுவரச் சொல்லவா?

பதில்: வேண்டாம் ஐயா. இலங்கையில் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் நடுகைக் கம்பு கொண்டுவரக் கூடாது.

நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் சரிதான். ஈரமண்ணில் குத்தினாலே வேர் விடும், ஆடும் தின்னும். கூடைக்கென்று வளர்ப்பது மட்டும் வேறு வில்லோ இனங்கள். ஆனால் இது சீனத்து மரம், குளிரில் இலை கொட்டி உறங்கிப் பழகியது. அதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் பள்ளம். வில்லோவுக்கு வருடம் முழுக்கக் காலடியில் ஈரம் வேண்டும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் அந்தப் பள்ளம் வெடித்துக் கிடக்குமே, அப்போது வேர் எங்கே போகும்? உங்கள் கிணற்றுக்குத்தான்.

இன்னொன்று, மாரித் தண்ணீரை எந்த மரமும் குடித்துத் தீர்க்காது. வானம் மூடியிருக்கும் நாளில் மரம் குடிப்பதே குறைவு. பள்ளத்தின் நடுவை இன்னும் தோண்டி, அந்த மண்ணைத் தாழ்ந்த பக்கத்தில் வரம்பாகப் போடுங்கள். தண்ணீர் கொஞ்ச நாளாவது நின்று மண்ணில் இறங்கட்டும். கரையில், கிணற்றைவிட்டுத் தள்ளி, ஒரு மருது வையுங்கள். ஆற்றோரத்து மரம், வெள்ளமும் தாங்கும்.

குழைக்கு, வேலியில் நட்டால் துளிர்க்கும் கம்பான கதியால் போதும்: வரம்பின் ஈரப்பக்கம் பூவரசு, மேட்டில் கிளிசிரிடியா. கிளிசிரிடியாவுக்கு வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. ஐப்பசி மழை தொடங்கியதும் கைப்பிடி மொத்தமான முற்றிய கம்பை நாலைந்து அடி நீளத்தில் தறித்து, அடியைச் சரிவாகச் சீவி, ஒரு அடி ஆழத்தில் நட்டு மண்ணை மிதித்து இறுக்குங்கள். மேல்வெட்டில் ஈரச்சாணம் அப்பினால் காயாது. தலைகீழாக நட்டுவிட்டுத் துளிர்க்கவில்லை என்று வருபவர்களும் உண்டு. கணுவில் மொட்டு மேலே பார்க்க வேண்டும். முதல் வருடம் வெட்டாதீர்கள். அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெட்டலாம். பூவரசங்குழையோடு சேர்த்துப் பாத்தியில் தாழ்த்தினால் நல்ல பசளை.

கூடைக்கு நொச்சி போதும், அதுவும் கம்பில் வரும்.

ஆட்டுக்குக் கிளிசிரிடியாவை மற்றக் குழையோடு கலந்தே போடுங்கள். முதல் நாள் முகர்ந்துவிட்டுத் திரும்பினால், வெட்டிய குழையை அரை நாள் வாடவிட்டுக் கொடுத்துப் பாருங்கள்.