சோளக்காட்டுச் சுடுமல்லி

அன்புள்ள ஐயா,
எம்.எஸ்சி. தாவரவியல் முடித்திருக்கிறேன். வேர்கள் மண்ணில் கசியவிடும் வேதிப்பொருட்களை ஆராய ஆசை. "அதனால் யாருக்கு என்ன பயன்?" என்கிறார் மாமா. செடிகள் பேசுகின்றன என்றால் சிரிக்கிறார். நான் ஆய்வுக்குப் போகலாமா?
கவிதா

அன்புள்ள கவிதா,

மாமா சிரித்ததில் தப்பில்லை. தாவரவியல் படித்த நீங்களே வாட்ஸப் பாஷையில் செடி பேசுகிறது என்றால் எப்படி? வேலை, சம்பளக் கணக்கெல்லாம் உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள். ஆனால் 'பயன்' என்ற சொல்லை நான் விடமாட்டேன்.

பத்து வயதில் பாட்டியின் மானாவாரிச் சோளக்காட்டில் சுடுமல்லி பிடுங்குவேன். மண்ணில் ஈரம் இருக்கும். சோளம் மட்டும் தண்ணீரே காணாததுபோல வாடி நிற்கும். தூரில் சாண் உயரத்துக்கு, சின்ன வெள்ளைப் பூவோடு அந்தக் களை. மண்ணுக்கு மேலே தலைகாட்டும் முன்பே சோள வேரில் ஒட்டி உறிஞ்சத் தொடங்கியிருக்கும். விதை தூசி மாதிரி. வருடக்கணக்கில் மண்ணில் கிடக்கும், பக்கத்தில் தோதான வேர் வந்தால்தான் முளைக்கும். "சோளம் வெதச்சிருக்குன்னு இதுக்கு எப்படித் தெரியுது?" என்பாள் பாட்டி.

அதைத்தான் விஞ்ஞானிகளும் கேட்டார்கள். அந்த விதையை எழுப்பும் ஸ்ட்ரைகால் என்ற பொருளை 1966இல் அமெரிக்காவில் பிரித்தெடுத்தார்கள். எதிலிருந்து? பருத்தி வேரின் கசிவிலிருந்து. பருத்தியில் சுடுமல்லி பிழைப்பதே இல்லை! அப்புறம் பருத்தி ஏன் அதைக் கசியவிட வேண்டும்? எந்தச் செடியாவது எதிரியைத் தட்டி எழுப்புமா?

பதில் வர 39 வருடம் ஆனது. 2005இல் ஜப்பானில் கோகி அகியாமா குழுவினர் காட்டினார்கள்: இந்த வகைப் பொருள் பட்டதும் வேர்ப்பூஞ்சையின் இழைகள் கிளைவிட்டுப் பரவுகின்றன. அந்தப் பூஞ்சை மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸைக் கொண்டுவந்து தரும், செடி சர்க்கரை கொடுக்கும். மணிச்சத்து குறைந்தால் வேர் இன்னும் அதிகமாகக் கசியவிடும். கூட்டாளிக்கு அனுப்பிய சேதியைச் சுடுமல்லி ஒட்டுக்கேட்கிறது, அவ்வளவுதான். (பாருங்கள், நானும் பேச்சு என்றே சொல்லிவிட்டேன். சரி, உங்களை மன்னித்தேன்.) 2008இல் இன்னொன்றும் தெரிந்தது: செடி எத்தனை பக்கக்கிளை விடலாம் என்று கட்டுப்படுத்தும் ஹார்மோனும் இதே வகைதான்.

அந்த 39 வருடமும் மாமா கேட்டதையே கேட்டு ஆய்வை நிறுத்தியிருந்தால்? பயனும் இருக்கிறது. சோளத்துக்கு முன் பருத்தி போட்டால் சுடுமல்லி விதைகளில் ஒரு பகுதி முளைத்து, பற்ற வேர் கிடைக்காமல் செத்துப்போகும். பாட்டிக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. முதுகு ஒடியப் பிடுங்கினாள்.

போங்கள், கவிதா. ஆய்வகத்தில் நுழையும் முன் ஒருநாள் ஈரக்காட்டில் சுடுமல்லியை மண்ணோடு மெல்லத் தோண்டி எடுங்கள். மண்ணைத் தண்ணீரில் அலசிவிட்டு, அது சோள வேரைப் பிடித்திருக்கும் இடத்தைப் பாருங்கள்.

அன்புடன்.