பழங்காசில் போலியைக் கண்டுபிடிப்பது எப்படி? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: பழங்காசு சேர்க்க இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். காசு கைக்கு வந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஓரத்தை. போலி செய்கிறவன் தன் உழைப்பையெல்லாம் முகத்தில் கொட்டுவான், நாமும் முகத்தையே பார்த்து மயங்குவோம். கிரேக்க, ரோமானியக் காசுகளில் பெரும்பாலானவை இரண்டு அச்சுகளுக்கு நடுவே உலோக வில்லையை வைத்துச் சுத்தியலால் அடித்தவை. அடி விழும்போது உலோகம் வெளிப்பக்கம் ஓடும், அந்த ஓட்டத்தின் மெல்லிய கோடுகள் எழுத்துகளைச் சுற்றித் தெரியும், ஓரத்தில் சிறு வெடிப்புகள்கூட இருக்கும். அசலை வைத்து அச்செடுத்து வார்த்த போலியில் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு ஓரத்தைச் சுற்றி ஓடும். அதை மறைக்க அரத்தால் ராவியிருப்பார்கள், அந்த அரத்தின் தடம் 10 மடங்கு லென்ஸில் வரிவரியாகத் தெரியும். பிறகு எழுத்தின் இடுக்குகளைப் பாருங்கள். காற்றுக்குமிழி விட்ட உருண்டைக் குழிகள் இருந்தால் வார்ப்பு. மண் அரித்த குழி அப்படி உருண்டையாக இருக்காது, தாறுமாறாக இருக்கும். ஆனால் பழைய சீனக் காசுகள் அசலே வார்ப்புதான், அங்கே இந்தச் சோதனை செல்லாது.

கேள்வி: காந்தம் வைத்துப் பார்த்தால் போதாதா?

பதில்: ஒட்டினால் அது வெள்ளி இல்லை. ஒட்டாவிட்டால் எதுவும் தெரியாது, ஈயமும் செம்பும்கூட ஒட்டாது.

கேள்வி: சுண்டிப் பார்த்தால் ஓசையே சொல்லிவிடுமே? நான் பல வருடமாக அப்படித்தான் பார்க்கிறேன்.

பதில்: தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். போன நூற்றாண்டு வெள்ளிக்காசு என்றால் சரி. இரண்டாயிரம் வருடம் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் படிகம் படிகமாகப் பிரிந்து பலமிழந்திருக்கும். என் கண் முன்னால் ஒரு டெனாரியஸ், அதாவது ரோமானிய வெள்ளிக்காசு, மேஜை மேல் ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்து இரண்டாகப் போனது, உடைந்த இடம் கல்லுப்பு மாதிரி பொரபொரவென்று மினுங்கியது. நல்ல அசல் காசு அது.

அதே நண்பர்: ஓசை மந்தமாக இருந்தால் போலி என்றாவது வைத்துக்கொள்ளலாமே?

பதில்: கூடாது. அப்படிப் பலமிழந்த அசல் மந்தமாகத்தான் ஒலிக்கும், நல்ல வெள்ளியில் நேற்று அடித்த போலி கணீரென்று ஒலிக்கும். அப்படியானால் உங்கள் காது அசலைத் தள்ளிவிட்டுப் போலியை வாங்க வைக்கும்.

அதே நண்பர்: வேறு எப்படித்தான் உலோகத்தைச் சோதிப்பது?

பதில்: தண்ணீரில். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க முக்குங்கள், குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். ஆந்தை பொறித்த பழைய ஏதென்ஸ் வெள்ளிக்காசு ஒன்று 17.1 கிராம் என்று வைத்துக்கொள்வோம். முக்கும்போது தராசு 1.65 காட்டினால், 17.1-ஐ அதால் வகுக்க 10.36 வரும், அதுதான் காசின் அடர்த்தி. சுத்த வெள்ளிக்கு 10.49, ஆகவே நல்ல வெள்ளிதான். செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்தியதென்றால் 9 பக்கம் வந்து நிற்கும். ஆனால் அப்படிப் போர்த்திய காசுகளைப் பழங்காலத்திலேயே செய்திருக்கிறார்கள், ஆகவே 9 வந்ததும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஈயத்தையும் வெள்ளீயத்தையும் சரியாகக் கலந்தால் 10.5 வந்துவிடும் என்பதால் இதை ஓரத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: படம் அனுப்பியிருக்கிறேன், அசலா?

பதில்: முகத்தின் படம் மட்டும் இருக்கிறது. ஓரம், எடை, விட்டம் மூன்றும் வேண்டும்.

கேள்வி: பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் பழசுதானே?

பதில்: களிம்பைப் பூசவும் முடியும். பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் பஞ்சு பச்சையாகிறது என்றால் பூச்சு. சுத்தம் செய்கிறேன் என்று காசைத் தேய்க்க மட்டும் வேண்டாம், அசலின் சாட்சியே அந்த மேற்பரப்புதான்.

கேள்வி: விற்பவர் பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்று சீட்டு தருகிறார். நம்பலாமா?

பதில்: சீட்டையும் காசைப் போலவே சோதியுங்கள். ரோமானியத் தலைவர் சீசரைக் கொன்றதைக் கொண்டாடி, கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் கி.மு. 42 வாக்கில் வெளியிட்ட தங்கக்காசு ஒன்று 2020-இல் ஏலத்தில் பெருந்தொகைக்குப் போனது. அதன் உடைமை வரலாறு பொய் என்று விசாரணையில் தெரிந்து, 2023-இல் காசு கிரீஸிடம் திரும்பியது.

கேள்வி: காந்தம்...

பதில்: மேலே சொல்லிவிட்டேன். ஓரத்தைப் பாருங்கள்.

கேள்வி: ஓரமும் சரி, எடையும் சரி, வெள்ளியும் சரி. அப்போதும் போலியாக இருக்க முடியுமா?

பதில்: முடியும், இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். ஜெர்மனியில் பெக்கர் என்று ஒருவர், 1830-இல் இறந்தவர், தானே அச்சு வெட்டி, நல்ல வெள்ளியிலும் தங்கத்திலும் கையால் அடித்தார். அடித்த காசு என்பதால் ஓட்டக்கோடுகூட இருக்கும். அங்கே அச்சைத்தான் ஒப்பிட வேண்டும். நல்ல வேளையாக அவருடைய அச்சுகள் பல பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அவர் அடித்த காசுகளின் பட்டியலும் படங்களோடு அச்சாகியிருக்கிறது. உங்கள் காசில் ராஜாவின் மூக்கும் எழுத்தின் சாய்வும் அந்தப் படத்தோடு அப்படியே பொருந்தினால் வாங்காதீர்கள். அதேபோல் விற்பனையில் இருக்கும் இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே கீறல், ஒரே வெடிப்பு இருந்தால், இரண்டில் ஒன்றாவது போலி. கையால் அடித்த இரண்டு காசுக்கு அச்சு ஒன்றாக இருக்கலாம், கீறல் ஒன்றாக இருக்காது.