மட்டக்களப்பில் புதுச் செரி கிடைக்காது. படம் பார்க்கும் இரவுக்குச் செரி மார்டினி செய்ய முடியுமா?

தாராளமாக. சீனிப்பாகில் ஊறிய போத்தல் செரியே போதும். நமக்கு வேண்டியது அந்தச் சிவப்புப் பாகுதான்.

60 மில்லிலீட்டர் வொட்கா, 15 பாகு, 15 தேசிக்காய்ச் சாறு. மூடி இறுக்கமான ஜாம் போத்தலில் ஐஸ்கட்டியோடு போட்டு, வெளிப்புறம் பனித்துக் கை விறைக்கும் வரை குலுக்குங்கள், 15 விநாடி போல. வடித்து ஊற்றுங்கள். மட்டக்களப்புக் கல்லடிப் புழுக்கத்தில் வெறும் கிளாஸ் சரிவராது. அரை மணி நேரம் முன்பே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

1964இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் ஜேம்ஸ் பொண்ட் கலக்காமல் குலுக்கித்தான் மார்டினி கேட்பார். சாறு சேராத மார்டினியைக் குலுக்கினால் காற்றுக் குமிழி புகுந்து கலங்கும், அதனால் பலர் கரண்டியால் கலக்குவார்கள். இங்கே தேசிக்காய் இருப்பதால் பொண்ட் வழிதான் சரி.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வேலை: இன்னொரு தேக்கரண்டி பாகைக் கிளாஸின் ஓரமாக மெல்ல விடுங்கள். பாகு கனமானது, அடியில் போய்ச் சிவப்பாகத் தங்கும். மேலே ஒரு செரி.

இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக் கூடாது. அவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் வொட்காவுக்குப் பதில் சோடா. ஆனால் சோடாவைக் குலுக்காமல் கடைசியில் ஊற்றுங்கள்.