கடிவாளம் கழற்றிய குதிரை

வணக்கம் சார்,

கொஞ்ச நாளாக இத்தாலியன் படிக்கிறேன். 'கற்பனைக் குதிரையைத் தட்டிவிட்டேன்' என்று எழுத நினைத்தால், எனக்குத் தெரிந்ததெல்லாம் 'இம்மாஜினாரே'தான். அது வெறும் 'கற்பனை செய்' என்பதோடு நின்றுவிடுகிறது. இத்தாலியர்களிடம் இந்தக் குதிரை கிடையாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. 'ஸ்ப்ரில்யாரே' என்ற வினையைப் பாருங்கள். 'ப்ரில்யா' என்றால் கடிவாளம். முன்னால் ஒட்டிய 'ஸ்' அதைக் கழற்றிவிடுகிறது. 'ஸ்ப்ரில்யாரே லா ஃபாந்தஸியா' என்று எழுதினால் உங்கள் வாக்கியம் தயார். நாம் குதிரையைத் தட்டி விரட்டுகிறோம். அவர்களோ கடிவாளத்தை அவிழ்த்தால் போதும், தானே ஓடும் என்று விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் எழுத்துநடை வாடை அடிக்கும், அவ்வளவுதான்.

பேச்சில் தாராளமாகப் புழங்குவது 'ஸ்பித்ஸர்ரிர்ஸி'. இதிலும் ஒரு குதிரை ஒளிந்திருக்கிறது: முரண்டு பிடிக்கும் குதிரையின் சண்டித்தனத்தைத் தீர்ப்பதற்கும் இதன் மூலவினையைச் சொல்வதுண்டு. இன்று சமையல் குறிப்புகளில்தான் இதற்கு மவுசு. உள்ளே என்ன பூரணம் வைப்பது என்பது உங்கள் இஷ்டம், 'ஸ்பித்ஸர்ரீதெவி!' என்று எழுதுவார்கள். 'புகுந்து விளையாடுங்கள்' என்போமே, அதே தொனி. செய்பவரையே திரும்பச் சுட்டும் தற்சுட்டு வினை என்பதால் இறந்தகாலத்தில் துணைவினையாக 'எஸ்ஸெரே'தான் ('இரு') வரும், 'ஆவேரே' ('வைத்திரு') போட்டுவிடாதீர்கள்.

சும்மா உட்கார்ந்து பகல்கனவு காண்பதென்றால் 'ஃபாந்தாஸ்திகாரே'. மனக்கோட்டைக்கு அவர்களும் கோட்டைதான் கட்டுகிறார்கள், காற்றில்: 'ஃபாரே காஸ்தெல்லி இன் ஆரியா'.

எனக்குப் பிடித்தது 'ஃபார்ஸி உன் ஃபில்ம்'. தனக்குத்தானே ஒரு படம் ஓட்டிக்கொள்வது. அனுப்பிய செய்தியை அவன் பார்த்துவிட்டான், பதில் இல்லை. 'வேறொருத்தி இருப்பாளோ' என்று தோழி ஆரம்பித்தால், 'நோன் ஃபார்தி ஃபில்ம்!' என்று அடக்கிவிடலாம். இதை யாரும் பாராட்டாகச் சொல்வதில்லை.

அப்புறம், பழைய கவிதைகள் பக்கம் போனால் ஒன்றில் கவனமாக இருங்கள். இத்தாலியக் கவிஞர் லெயோபார்தி 1819-இல், தன் சொந்த ஊரான ரெகனாத்தியில் இருந்தபோது எழுதிய 'எல்லையின்மை' கவிதையில், ஒரு வேலி அடிவானத்தை மறைக்கிறது. அதற்கு அப்பால் முடிவில்லாத வெளிகளை அவர் மனதில் உருவாக்கிக்கொள்கிறார். அங்கே அவர் சொல்வது 'மி ஃபிங்கோ'. அழகான பிரயோகம்தான். ஆனால் இன்றைய பேச்சில் அதன் மூலவினையான 'ஃபிஞ்ஜெரே' என்றால் பாசாங்கு செய்வது. காபிக் கடையில் நீங்கள் அதைச் சொன்னால், எதிரே இருப்பவர் உங்களை நடிப்பவராகத்தான் எடுத்துக்கொள்வார்.